ஃபினிஸுக்குப் பின் ஒரு வெள்ளைத்தாள்

மற்றவர்கள் "அப்பாடா" என்று பேனாவை மூடுகிற இடத்தில்தான் பைண்டிங் கடைக்காரர்களுக்கு வேலை தொடங்குகிறது.

எங்கள் கடை திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, நூலகத்தின் கிழிந்த புத்தகம், பள்ளிக்கூடத்து ஃபைல் எல்லாம் வரும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச இந்த வயதிலும் கூச்சம். அதனால் தாளைப் பார்த்துக்கொண்டே பேசிவிடுவேன். தைப்பதற்கு முன் தாளை இரண்டு முறை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை.

கடையை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். ஒரு நாள் மதியம், பெரிய ஆர்டர் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார். எப்போதும் "வரேன்" என்று சொல்லித்தான் படியிறங்குவார். அன்றைக்கு மட்டும், "வேலை முடிஞ்சது, நான் போறேன்" என்றார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கடையில் யாரும் "முடிஞ்சது" என்று சொல்லக்கூடாது. "போறேன்" என்றும் சொல்லக்கூடாது. பசை தீர்ந்தால்கூட "பசை நிறைஞ்சிடுச்சு" என்றுதான் சொல்வோம். தங்க எழுத்துப் பதிக்கிற அன்வர் பாய் எனக்காக இதைப் பழகிக்கொண்டார். அவர் உள்ளேயிருந்து அப்படிக் குரல் கொடுக்கும்போது, புதிதாக வந்தவர்கள் காலி டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு எங்களையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்றால் "வரேன்னு சொல்லு" என்று அதட்டாத வீடு உங்கள் தெருவில் எத்தனை இருக்கிறது? அப்படி அதட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் வார்த்தைகளை எல்லாம் நான் ஒருவழியாகக் கட்டிக் காத்துவிட்டேன். என்னை மாட்டிவிட்டது ஒரு வெளியூர் வார்த்தை. அதில் ஒரு பெண்ணின் படிப்பும் அவள் அப்பாவின் நெஞ்சும் சேர்ந்து மாட்டிக்கொண்டன.

ஃபினிஸ் சேட்டு

நூலகத்திலிருந்து பழைய ஆங்கிலப் புத்தகங்கள் ஒன்பது மறுகட்டுக்கு வந்தன. எல்லாம் படித்தவர்கள் படித்தவர்களுக்காக எழுதியவை, படமே கிடையாது. புத்தகம் வந்ததும் முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்ப்பது என் வழக்கம். தொலைவது அவை இரண்டும்தான். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எல்லா வரிகளுக்கும் கீழே, தனியாக ஐந்து பெரிய எழுத்துகள் இருந்தன. கூட்டிப் படித்தேன்: ஃபினிஸ். அடுத்த புத்தகத்தைப் பார்த்தால் அதிலும் அதே ஃபினிஸ். எழுதியவர் வேறு, அளவு வேறு. ஒன்பதில் ஆறு புத்தகத்தில் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரைப் போடுவது நம் ஊர்ப் பழக்கம்தானே. இவரும் அச்சுப் போட்ட முதலாளியாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். ஒரு புத்தகத்தில் அந்தத் தாள் பாதி கிழிந்திருந்தது. ஒருவர் பெயர் நம் கையால் அழியக் கூடாதே என்று, மெல்லிய தாளைப் பின்பக்கம் ஒட்டி, ஒரு காலை நேரம் முழுக்க அதற்கே செலவழித்தேன். அன்வர் பாய் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஆறு புத்தகத்தையும் வரிசையாகப் புரட்டினார்.

"ஆறும் ஆறு விதமா அச்சாயிருக்குது. இந்த ஃபினிஸ் சேட்டு நல்லா வசதியான ஆளுதான் அக்கா!"

பச்சை மை

அவர் சேட்டு இல்லை என்று சொன்னவர் மாணிக்கம் சார். கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் வழிகாட்டி. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்றில் நீல மை, மற்றதில் பச்சை மை. முதல் முறையாக எங்கள் கடைக்கு ஒரு மாணவரின் ஆய்வேட்டோடு வந்தவரிடம், தாளைப் பார்த்தபடியே அந்தப் பெயரைக் கேட்டேன். "அது ஆள் இல்லம்மா. லத்தீன். ரோமாபுரிக்காரங்க பேசின பாஷை. 'முடிவு'ன்னு அர்த்தம்" என்றார். என் கையில் ஊசி நின்றுவிட்டது. எந்த வார்த்தையைக் கடைக்குள் விடாமல் வைத்திருந்தேனோ, அதை நானே தாள் ஒட்டிப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

சாருக்கு அதைப் பற்றிப் பேசுவதில் ஆசை. அந்தக் காலத்தில் பெரிய பெரிய ஆராய்ச்சிப் புத்தகங்களில் எல்லாம் கடைசியில் அதைத்தான் போடுவார்களாம். இனி இதில் நான் கை வைக்க மாட்டேன் என்று எழுதியவர் செய்யும் சத்தியம் அது என்றார். அவர் படித்த கல்லூரியின் முத்திரையிலேயே அந்த வார்த்தை உண்டாம்: முடிவுதான் வேலைக்குக் கிரீடம் வைக்கிறது என்று ஒரு வாசகம். அவருடைய குரு போட்டாராம்; அதனால் இவருடைய மாணவர்களும் கடைசித் தாளில் ஃபினிஸ் போட வேண்டும். அதற்குக் கீழே பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். அது போட்ட பிறகுதான் முன்பக்கத்துச் சான்றிதழில் கையெழுத்து. அது இல்லாத ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது.

"உங்க ஏரி புக்கு எப்ப சார் வரும்?" என்று அன்வர் பாய் கேட்டார். மாணிக்கம் சார் இந்த ஜில்லாவின் ஏரிகளைப் பற்றி நெடுநாளாக எழுதிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். எனக்கு என் கவலை. "அதுக்குப் பதிலா 'சுபம்'னு போட்டா ஆகாதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"சுபம் போட இது சினிமா இல்லம்மா, ஆராய்ச்சி."

மாவுக்கட்டு

அர்த்தம் தெரிந்தபின் நான் கட்டிய முதல் ஆய்வேடு அந்த மாணவருடையது. மாணவர் என்றாலும் நடுத்தர வயதுக்காரர், வேறொரு கல்லூரியில் வாத்தியார். கடைசித் தாளை மட்டும் எழுத்து கீழே பார்க்கும்படி கவிழ்த்தே வைத்திருந்தேன். தைக்கும்போதுதான் திருப்பினேன். பத்து நாள் கழித்து இன்னொரு பிரதி கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

அவர் எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனதும், "பாத்தீங்களா பாய், முடிவுன்னு எழுதி நாளாகல, ஆளையே சாய்ச்சிடுச்சு" என்றேன். அன்றைக்குத் தைத்த தையல் ஒன்றுகூட நேராக வரவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அன்வர் பாய் தங்கத்தாளை மெஷினில் மாட்டியபடியே சொன்னார்.

"அவரு வழுக்கி விழுந்தது பாத்ரூம்லக்கா. சோப்பு மேல கால வச்சிட்டு வந்தா, லத்தீன் இன்னா பண்ணும்?"

இருநூறு ஃபைல்

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் முத்திரைக்கு ஒரு வாசகம் வேண்டும் என்று மாணிக்கம் சாரிடம் கேட்டிருக்கிறார். சார் முதலில் தன் கல்லூரியின் கிரீட வாசகத்தையே எழுதிக் கொடுத்தாராம். அதன் நடுவில் கிரீடத்துக்கான லத்தீன் வார்த்தையில் "கொரோனா" என்று தெரிந்ததும் தாளாளர் தாளை மேசை மேலேயே விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துவிட்டாராம். அதனால் வேறு வாசகம். "முடிவைக் கண்ணில் வை" என்று அர்த்தம். அதிலும் நம் ஃபினிஸ்தான், வால் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் கொடுக்க, இருநூறு ஃபைலில் அதைப் பதித்துக் கேட்டு எங்களிடம் வந்தார்கள்.

இருநூறு பிள்ளைகளின் கையில், பரீட்சைக்குப் போகிற நேரத்தில், அந்த வார்த்தை. அதுவும் தங்கத்தில். மெஷின் சூடேறி ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் எனக்குத் தோள் தூக்கிப் போட்டது. எழுபதாவது ஃபைலில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதல் ஃபைலின் உள்பக்க மூலையில் மட்டும் கொஞ்சம் குங்குமம் வைத்தேன். அது எந்தப் பிள்ளைக்குப் போனதோ தெரியாது.

ஃபைல் கொடுத்த வாரத்தில் ஓர் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார். முகவரியை யார் சொன்னார்களோ. சண்டைக்கு என்று நினைத்து நான் கத்தரியைத் தேடுவது போல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். அவர் அன்வர் பாயிடம் அர்த்தம் கேட்டார். பாய் சொன்னார். அந்த அம்மா ஃபைலை ஒரு முறை தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"என் புள்ள கேள்வித்தாளையே சரியா பாக்க மாட்டான். அவன்கிட்ட போய் முடிவைப் பாருன்றாங்களே!"

வியாழன், வெள்ளி, திங்கள்

கலைவாணி வந்தது அதற்கு அடுத்த மாதம். அடி அண்ணாமலைப் பெண். அப்பா முனுசாமிக்குக் கொஞ்சம் நிலம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீரும் மோரும் விற்பார். அந்தப் பாதையில் உள்ள கடைகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இரண்டு முறை கெடு வாங்கியாகிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஐந்து வருஷப் படிப்பு வீண். வழிகாட்டி மாணிக்கம் சார்தான்.

இதற்கு நடுவே அவள் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷன். "வியாழன் பைண்டிங், வெள்ளி யுனிவர்சிட்டி, திங்கள் ஆபரேஷன். இதுல எது தள்ளினாலும் எல்லாம் தள்ளும்மா" என்று விரலை மடக்கிச் சொன்னாள். நான் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசித் தாள்ல ஃபினிஸ் போட்டாச்சா?" என்று கேட்டேன். போட்டாளாம். வீட்டில் பெருமையாகச் சொல்லியும் விட்டாளாம்: "அப்பா, லத்தீன்ல 'முடிவு'ன்னு எழுதிட்டேன்பா." நெஞ்சு நோவு உள்ளவரிடம் சொல்கிற வார்த்தையா அது? "அப்பா இன்னா சொன்னாரு?" என்றேன்.

"மோரைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு, தண்ணியாப் போற வரைக்கும்."

ஐந்திலும் ஒரு தாள்

வியாழக்கிழமை பௌர்ணமி. காலையிலேயே பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். கலைவாணி ஏதோ சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தாள். அச்சடித்த தாள்களை அரிசிப் பையில் போட்டு முனுசாமிதான் ஆட்டோவில் கொண்டுவந்தார். ஐந்து பிரதி. நெற்றி நிறைய விபூதி. படியேறியதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு பிரதிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தாள் என்று கலைவாணி எழுதிக் கொடுத்திருந்தாள். எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று. மறுபடியும் அதுவேதான். இரண்டாவது பிரதியிலும் ஒன்று குறைவு. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாவற்றிலும் அப்படியே. ஒரு பிரதியில் தாள் விழலாம். ஐந்திலும் ஒரே தாள் தானாக விழாது. கடைசியைப் புரட்டினேன். அந்த வார்த்தை ஐந்திலும் இல்லை.

நான் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன். நெஞ்சில் வைத்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. வலிக்காக வைத்த கை இல்லை அது. சட்டைப் பையை மூடியிருந்தது. பையில் மடித்த தாளின் ஓரம் தெரிந்தது. "திங்கக்கிழமையை நெனச்சு பயமா இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"எனக்கு இன்னாம்மா, நான் வாழ்ந்துட்டேன். மொதப் பக்கத்துல என் பொண்ணு பேரு இருக்குது. அதே புக்குல கொண்டுபோய் முடிவுன்னு எழுதுவாங்களா?"

ஒட்டுகிற பக்கம்

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஐந்து தாளையும் வாங்கி அடுப்பில் போட்டுவிட வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் அவர் சொன்னதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேறு ஆள் கிடையாது. ஆனால் சாயங்காலம் மாணிக்கம் சார் வருவார். கடைசித் தாளைத்தான் முதலில் பார்ப்பார். அது இல்லை என்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் நாளைக்கு அந்தப் பெண் வெறும் கையோடு திரும்ப வேண்டும். அன்வர் பாய் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசியறியாத நான் அன்றைக்குப் பேசினேன். என் வீட்டுக்காரர் சொன்ன கடைசி வார்த்தையைச் சொன்னேன். "எனக்கும் பயம்தாங்க. உங்களவிட ஜாஸ்தி. ஆனா இந்தக் கடையில கட்டற எந்தப் புக்கும் கடைசி எழுத்தோட நிக்காது. அதுக்கப்புறம் ஒரு வெள்ளைத்தாள் வரும். அது இல்லாம அட்டை பிடிக்காது" என்றேன்.

நான் நீட்டிய வெள்ளைத்தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "இதுல எதுனா எழுதலாங்களா?" என்றார். அட்டையோடு ஒட்டுகிற பக்கத்தில் எழுதினால் யாருக்கும் தெரியாது என்றேன். சட்டைப் பையிலிருந்து ஐந்து தாளையும் எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்திருந்தார், மடிப்புக்குள் விபூதி. தட்டிவிட்டு, துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். மடிப்பு முழுக்கப் போகவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்கெட்ச் பேனாவை அவரிடம் கொடுத்தேன். ஐந்து வெள்ளைத்தாளையும் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். "உ." அவ்வளவுதான். எதையாவது எழுதத் தொடங்குகிறவர்கள் தாளின் தலையில் போடுவார்களே, அது. நான் பசை டப்பாவைத் திறந்தேன்.

அவர் நான்காவது தாளில் சுழி போட்டுக்கொண்டிருக்கும்போதே கலைவாணி உள்ளே வந்தாள். நடந்ததை அன்வர் பாய் சொல்ல, அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, அஞ்சு வருஷமா நான் எழுதினதுல நீ எழுத்து சேக்கறியா? மாடு கன்னு போட்டாக்கூட நல்ல நேரம் பாக்கற ஆளுகிட்ட பையைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுதுவிட்டாள். முனுசாமி ஐந்தாவது தாளையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீ எழுதினது எனக்குப் புரியாது கண்ணு. நான் எழுதினது உனக்குப் புரியுதில்ல?"

பசைக்கறை

ஐந்து பிரதியும் மதியம் முழுக்க, அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸில் இருந்தன. நாலு மணிக்கு வெளியே எடுத்தேன். முதல் பிரதியின் பின்னட்டையைத் திறந்தேன். ஸ்கெட்ச் பேனா மை பசை ஈரத்தில் ஊறித் தாளைத் தாண்டி வந்துவிட்டது. வெள்ளைத்தாளின் நடுவே, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, நீலமாக ஒரு "உ". பென்சில் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பிரித்துக் கட்ட நேரம் இல்லை. ஐந்திலும் அப்படியே.

மாணிக்கம் சார் பஸ் வராததால் கூட்டத்துக்குள் நடந்தே வந்தார். சட்டை நனைந்திருந்தது. உட்கார்ந்து, பச்சைப் பேனாவைத் திறந்து, கடைசித் தாளைப் புரட்டினார். "இந்த மடிப்பு எப்படி வந்தது?" என்றார். ஒரு கணம் அதைத் தடவிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார். "உ"வைப் பார்த்தார். பேனா நின்றது. கலைவாணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது அவளுக்கே தெரிந்திருக்காது. வெளியே கிரிவலத்துக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முனுசாமி எழுந்து நின்று, "நான்தான் சார். பொண்ணு மேல தப்பில்ல" என்றார்.

சார் அவரைப் பார்த்தார். பிறகு ஃபினிஸைப் பார்த்தார். அங்கிருந்து "உ"வுக்கு வந்தார். மறுபடியும் முந்தைய தாளுக்குப் புரட்டி ஃபினிஸைப் பார்த்தார். இவ்வளவு நேரம் ஒரு மனிதர் ஒரு தாளைப் பார்த்து நான் கண்டதில்லை. அன்வர் பாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "அது ஒண்ணுமில்ல சார், பசைக்கறை. யுனிவர்சிட்டியில கேட்டா அப்படியே சொல்லிக்கலாம்" என்றார். சார் சிரிக்கவில்லை. குனிந்து முதல் பிரதியில் பச்சை மையை வைத்தார். ஐந்து பிரதியிலும் போட்டு, முன்பக்கச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார்.

"பசைக்கறை பிள்ளையார் சுழி போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன் பாய்."

திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள். பின்னட்டையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். ஆனால் எனக்குத் திங்கட்கிழமை பாக்கி இருந்தது. அந்த வார்த்தையை ஐந்து முறை திரும்பத் தைத்தவள் நான். அவருக்கு ஏதாவது ஆனால், அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்க வேண்டியதை வாங்கியவளும் நான்தான். அன்று காலையிலிருந்து கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். பசை கலக்கினேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் மயில்துத்தத்தைப் போட்டேனா என்று மறந்து இரண்டாவது முறையும் போட்டேன். ஒரு டப்பா பசை வீண்.

சாயங்காலம் அன்வர் பாய் தன் போனை நீட்டியபடி பின்கட்டுக்கே வந்துவிட்டார். நான் வாங்கவில்லை. அவரே ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். கலைவாணியின் குரல் கம்மியிருந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"கண்ணு முழிச்சிட்டாரும்மா. நர்ஸம்மாகிட்ட மொதல்ல கேட்டது, 'என் பொண்ணு புக்கை வாங்கிக்கிட்டாங்களா'ன்னு!"

மாணிக்கம் சாரின் துணிப்பை

முனுசாமி கடை போட இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். கலைவாணி ஒரு பௌர்ணமிக்கு அவர் இடத்தில் தானே மோர் விற்றாளாம். கெட்டியாக இருந்தது என்று அன்வர் பாய் குடித்துவிட்டு வந்து சொன்னார். போன வாரம் மாணிக்கம் சார் வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஏரிகளைப் பற்றிய அவருடைய புத்தகம். ஒரே ஒரு பிரதி, தனக்காகக் கட்டி வைத்துக்கொள்ள.

வழக்கப்படி எண்ணினேன். பொருளடக்கத்தில் கடைசித் தாளின் எண் முந்நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. கட்டில் முந்நூற்றுப் பதினேழு. இரண்டாம் முறை எண்ணத் தொடங்கியபோது, "எண்ண வேணாம்மா, சரியாத்தான் இருக்கு" என்றார். "ஒரு தாள் கம்மியா இருக்குதே சார்?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே அவரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பேருக்கு மேல் அந்த வார்த்தையைப் போட வைத்தவர் அவர். "எழுதி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கடைசித் தாளை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா, பேனாவைத் திறக்க கை வர மாட்டேங்குது" என்றார். சட்டைப் பையில் பச்சைப் பேனா இருந்தது. கடைக்குள் "முடிச்சு" என்று சொன்னதற்காக அவரை நானும் கடிந்துகொள்ளவில்லை, அன்வர் பாயும் கடிந்துகொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, பின்னட்டையோடு ஒட்ட நான் எடுத்து வைத்திருந்த வெள்ளைத்தாளைச் சுட்டிக் காட்டினார்.

"ஃபினிஸை அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்போதைக்கு அந்த 'உ' மட்டும் போட்டு ஒட்டிடுங்க."

லத்தீன் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பயம் ஒரே தாளில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், பசை டப்பாவின் பக்கத்தில், மை ஊறாமல் 'உ' போட, ஒரு பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.